மூன்று நிமிடத்தில் அடங்காத பாட்டு

தாயின் சகோதரி பாடியது பிளேட்டில் இருக்கிறது. மகன் பாடியது இல்லை. காஞ்சீபுரத்துச் சங்கீதக் குடும்பம் ஒன்றின் கதை இது.

காஞ்சியில் தனகோடி அம்மாள் என்றொரு பெரிய பாடகி இருந்தார். 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், கிராமபோன் நம் நாட்டுக்குப் புதிதாக வந்த நாட்களிலேயே, அவருடைய பாட்டு பிளேட்டில் ஏறிவிட்டது. அவருடைய சகோதரி காமாட்சி அம்மாள். காமாட்சி அம்மாளின் மகன்தான் சங்கீத உலகம் கொண்டாடிய நாயினாப் பிள்ளை. பிறந்தது 1889இல், மறைந்தது 1934இல். பிளேட்டில் பாட அவர் இணங்கவே இல்லை.

குழாய்க்குள் பாடிய காலம்

இந்தியாவில் முதன்முதலாகப் பாட்டைப் பதிவு செய்தது 1902இல், கல்கத்தாவில். அப்போது மைக் கிடையாது. பெரிய தகரக் குழாய் ஒன்றின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்ச்சியில் ஓர் ஊசி அசைந்து, மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். அதிலிருந்து அச்சு எடுத்து, அரக்கு கலந்த கறுப்புத் தட்டுகளாக அடிப்பார்கள். நம் நாட்டு மரங்களில் பூச்சிகள் உண்டாக்கும் அரக்குதான் உலகமெங்கும் இதற்குப் பயன்பட்டது.

தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். பெரிய தட்டானால் நான்கு. அதற்குள் பாட்டு முடிய வேண்டும். முடியாவிட்டால் ஊசி காத்திருக்காது!

சின்ன உருப்படிகளுக்கு இந்தக் கணக்கு வசதியாகப் போயிற்று. ரஷ்ய நாட்டில் பிறந்த செர்கெய் ராக்மனினாவ் என்ற மேதையைப் பாருங்கள். அவர் பியானோவுக்கென்று தனியாகச் சிறு சிறு உருப்படிகள் எழுதியவர். அவற்றில் ஒன்று, 1892இல் இளைஞராக இருந்தபோது எழுதியது, உலகப் புகழ் பெற்றது. எந்த ஊரில் கச்சேரி செய்தாலும் அதை வாசிக்கச் சொல்லி ஜனங்கள் விடமாட்டார்கள். அவருக்கே அலுத்துவிட்டதாம். நான்கு நிமிடத்துக்குள் முடிகிற அந்த உருப்படியை 1919இல் அமெரிக்காவில் அவரே வாசித்துப் பிளேட்டாகத் தந்தார். அவர் 1943இல் காலமானார். ஆனால் அவர் விரல் பட்ட ஓசையை இன்றும் கேட்கலாம்.

ரேடியோவில் வாசிக்க மறுத்தவர் அவர். பிளேட்டை மறுக்கவில்லை.

மேடை நிறைந்த கச்சேரி

நாயினாப் பிள்ளையின் சங்கீதம் வேறு வகை. அவர் கச்சேரியை 'புல் பெஞ்சு' என்பார்கள். பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்திருக்கும். இத்தனை பேரையும் ஒரு தகரக் குழாயின் முன்னால் எப்படி நிறுத்துவது?

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது பல்லவி. ஒரே ஒரு வரி சாகித்தியம். அதை எடுத்துக்கொண்டு, காலத்தைக் குறைத்தும் கூட்டியும், தாளக் கணக்கில் பின்னிப் பின்னி வித்வான் பாடுவார். முன்னால் ராக ஆலாபனை உண்டு, தானம் உண்டு. மணிக்கணக்கில் போகும். மிருதங்கக்காரர் ஒரு பக்கம் மடக்குவார். பாடகர் அதிலிருந்து தப்பிவந்து சமத்தில் நிற்பார். சபை ஆரவாரம் செய்யும்.

காஞ்சிப் பட்டு நெய்கிறவர்களுக்குக் கோர்வை என்றால் தெரியும்: உடலையும் கரையையும் இழை இழையாகப் பூட்டுவது. சங்கீதத்திலும் கோர்வை என்ற சொல் உண்டு. கணக்குகளைக் கோத்துச் சரியாக எடுப்பில் கொண்டுவந்து சேர்ப்பது. புடவையில் ஒரு சாண் துணியைக் கத்தரித்துக் காட்டி, 'இதுதான் காஞ்சிப் பட்டு' என்று சொன்னால் நெசவாளர் சிரிப்பார். மூன்று நிமிடப் பல்லவியும் அப்படித்தான். அவர் இணங்காததில் வியப்பில்லை.

ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான்.

சென்னையில் அகில இந்திய வானொலி 1938இல் வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நீண்ட தட்டு 1948இல் வந்தது. இரண்டுக்கும் அவர் இல்லை.

காதால் பிடித்தவர்கள்

சீடர்கள் இருந்தார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை குருவின் வழியைக் கச்சேரி மேடையில் காத்தார். குரு தொடாத பிளேட்டிலும் பாடினார். 'மதுரா நகரிலோ' என்ற அவர் பாட்டு வீடு வீடாக ஒலித்தது. வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் நாயினாப் பிள்ளையிடம் பாடம் கேட்டார்கள்.

இன்னொரு சிறுமியும் காஞ்சியில் இருந்தாள். நாயினாப் பிள்ளை அங்கே தியாகராஜ உற்சவம் நடத்துவார். அதையொட்டி நடந்த போட்டியில் அந்தச் சிறுமி தியாகராஜரின் 'ரக்ஷ பெட்டரே' பாடிப் பரிசு வாங்கினாள். உற்சவக் கச்சேரிகளுக்கு வந்து உட்கார்ந்து, கேட்டதை மனதில் பதித்துக்கொண்டாள்.

1919இல் பிறந்த தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள்தான் அவர். பல்லவி ஆண் வித்வான்களுக்கே உரியது என்ற எண்ணம் இருந்த நாளில், மேடையேறி ராகம் தானம் பல்லவி பாடினார். 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயரே வந்துவிட்டது. அவர் 2009இல் மறைந்தார். அவர் பாடிய பல்லவிகள் பதிவாகி இருக்கின்றன. வேண்டியவர்கள் முழுதாகவே கேட்கலாம்.

நாயினாப் பிள்ளை எப்படிப் பாடினார் என்று கேட்கிறவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு பிளேட் இல்லை.