உங்களுக்குத் தெரியுமா? பாண்டிய மண்ணில் சோழர் காவல்

உக்கிரபாண்டியன் கட்டியது என்று சங்கரன்கோவில் கோயிலைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் இந்தப் பாண்டிய மண் நூறாண்டுக்கும் மேலாகச் சோழர் ஆணைக்குள் இருந்தது.

■ முதலாம் இராசராசன் வென்ற பாண்டிய நாட்டுக்கு ‘இராசராசப் பாண்டிநாடு’ என்று பெயர் மாறியது.

■ அவன் மகன் இராசேந்திரன் 1020-ஐ ஒட்டி மதுரையில் மாளிகை எழுப்பி, தன் மகனையே ஆளவைத்தான். பட்டப்பெயர்: சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியன். ஆள்பவர் சோழர், ‘சடையவர்மன்’ என்ற பட்டமோ பாண்டியருடையது!

■ அம்பாசமுத்திரம் அருகே மன்னார்கோயிலில் பெருமாள் கோயிலைக் கட்டியவன் சேர மன்னன் இராசசிம்மன். அதற்கு வைத்த பெயர் ‘இராசேந்திர சோழ விண்ணகர்’. அடங்கிய அரசன் பேரரசனுக்குக் காட்டிய பணிவு அது.

■ அமைதி சும்மா வரவில்லை. கிளர்ந்தெழுந்த பாண்டியர்களில் மானாபரணனின் தலையைக் கொய்ததாகச் சோழ மன்னன் இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி கூறுகிறது.

■ மீண்டும் கலகம் வெடித்ததும், முதலாம் குலோத்துங்கன் (1070–1120) இளவரசரை அனுப்பும் வழக்கத்தை விட்டான். கோட்டாறு போன்ற முக்கிய வழித்தடங்களில் நிலைப்படைகளை நிறுத்தினான். உள்ளூர் நிர்வாகத்தில் பெரிதாகத் தலையிடவில்லை. திறை வந்தால் போதும், வழி திறந்திருந்தால் போதும்.

■ படைகாத்த இத்தகைய அமைதி ரோமிலும் உண்டு: பேரரசர் அகஸ்டஸ் தொடங்கிவைத்த ‘ரோமானிய அமைதி’ ஏறத்தாழ 200 ஆண்டுகள் நீடித்தது. அங்கும் எல்லையைக் காத்தவை நிலைப்படைகளே.

■ 1216-இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் கணக்கைத் திருப்பித் தீர்த்தான்: தஞ்சையும் உறையூரும் எரிந்தன.