யாழ்ப்பாணத்து வீட்டில் நமக்கு என்ன இருக்கிறது?

லயத்துக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போகப் போகும் குடும்பங்கள் நம்மிடம் முதலில் கேட்பது, "கூரைக்குத் தகரமா, ஓடா?" என்பதுதான். அடுத்தது சுவருக்கு என்ன நிறம் பூசலாம் என்பது. அடுப்பு எங்கே வரும், குளித்த தண்ணீர் எங்கே போகும், மழை நாளில் துணி எங்கே காயும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் குடிபோன மறுநாள் காலையிலிருந்து நம் பெண்களைப் படுத்தி எடுப்பது இந்த மூன்றும்தான்.

அதனால் இம்முறை யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். "அது வெயில் ஊரு, நம்மது குளிர் ஊரு, அவங்க வீடு நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே இருப்பதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாதுதான். ஆனால் அந்த வீட்டில் ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் நமக்கும் உதவும்.

குடாநாட்டின் பழைய வசதியான வீடு நாற்சார் வீடு. நடுவிலே வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, அதற்குப் பின்னால் அறைகள். வீட்டுச் சூடு முற்றத்தின் வழியே மேலே போய்விடும். விறாந்தை நிழல் சுவரை வெயிலில் இருந்து காக்கும். அங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு ஓய்ந்துவிடும். நம் பக்கத்தில் முற்றத்தைத் திறந்து விட்டால் பாதி வருஷம் வீட்டுக்குள்ளே தண்ணீர் இறைக்க வேண்டியதுதான். ஆகவே முற்றம் நமக்கு வேண்டாம்.

விறாந்தை வேண்டும். நம் இஸ்தோப்புதான் அது. லயத்தில் இடம் போதாமல் இஸ்தோப்பையும் அடைத்து அறையாக்கிப் பழகிவிட்டோம். புது வீட்டிலும் அதையே செய்யப் பார்க்கிறோம். செய்யாதீர்கள். நனைந்த படங்கு, கொழுந்துக் கூடை, சேற்றுச் செருப்பு, பிள்ளைகளின் குடை இதெல்லாம் எங்கே போகும்? கூரையைச் சுவருக்கு வெளியே இரண்டரை அடியாவது நீட்டினால், அங்கே வெயிலைத் தடுக்கும் அதே இறப்பு இங்கே சாரலைத் தடுக்கும். துணிக் கொடியும் அதன் கீழே கட்டலாம். காற்றடிக்கும் மேட்டில் ரொம்பவும் நீட்டினால் தகரத்தைக் காற்று தூக்கும், கவனம்.

குடாநாட்டுக்காரர் சோளகக் காற்று எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து யன்னல் வைப்பார்கள். காற்று உள்ளே வர அவர்கள் பார்ப்பதை, மழை உள்ளே வராமல் இருக்க நாம் பார்க்க வேண்டும். ஹற்றன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. பதுளைப் பக்கம் வடகீழ் மழை. முன்கதவை அந்த முகத்துக்குத் திருப்பாதீர்கள்.

இனி அடுப்படி. பழைய யாழ்ப்பாண வீடுகளில் குசினி பெரும்பாலும் ஒதுக்கமாக, பல இடங்களில் தனிக் கொட்டிலாகவே இருக்கும். கிடுகுக் கூரை தீப்பிடிக்கும் என்ற பயம் ஒன்று, புகை படுக்கும் அறைக்கு வரக்கூடாது என்பது இன்னொன்று. கல்வீடு கட்டியவர்கள் அடுப்புக்கு மேலே புகைக்கூடு வைத்தார்கள். லயத்திலே ஒரே காம்பராவில் சமைத்து, சாப்பிட்டு, படுத்து, இருமி வளர்ந்தவர்கள் நாம். புது வீட்டுப் படத்தில் எதைக் குறைத்தாலும் புகைக்கூட்டை மட்டும் குறைக்க விடாதீர்கள். காஸ் வாங்கலாம் என்று சொல்வார்கள். விலை ஏறும்போது எல்லோரும் கவ்வாத்து மிலாறுக்குத்தான் திரும்புகிறோம். அடுப்பு மேடை இரண்டரை அடி உயரம் இருந்தால் குனிய வேண்டாம். நாள் முழுக்கக் கூடை சுமந்த முதுகுக்கு அது பெரிய உபகாரம். இரண்டு பானை வைக்கும் அனகி அடுப்பு போட்டால் விறகும் மிச்சம். மேடைக்குக் கீழே விறகு அடுக்க இடம் விட்டால் மழையிலும் காய்ந்த விறகு கிடைக்கும். பின்கதவு அடுப்படியிலிருந்தே திறக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் குடாநாடு நல்லதும் கெட்டதும் சொல்லித் தருகிறது. வருஷம் முழுக்க ஓடும் ஆறு அங்கே இல்லை, எல்லாம் கிணறுதான். கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போகும். இது நல்லது. கெட்டது என்னவென்றால், நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். மலசலகூடக் குழியிலிருந்து ஊறுவதும் தோட்டத்து உரமும் வேகமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. நம் மலையில் மேல் வீட்டுக் குழி, கீழ் வீட்டாரின் பீலிக்கு மேலே வந்துவிடக் கூடாது. 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். கழுவிய தண்ணீரையும் சரிவில் சும்மா விடாதீர்கள், மண் இளகும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நிலத்தைப் பார்த்த பிறகே அத்திவாரம் வெட்ட வேண்டும்.

போருக்குப் பின் இந்திய உதவியில் வடக்கு கிழக்கில் சுமார் 46,000 வீடுகள் எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை பயனாளிகள் தாமே கட்டியவை. 550 சதுர அடிக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கிடைத்தது. யன்னல் எங்கே, குசினி எங்கே என்று வீட்டுக்காரரே தீர்மானித்தார்கள். ஆனால் ஆசைப்பட்டுப் பெரிய அத்திவாரம் போட்டுவிட்டு, கூரைக்குக் கடன் வாங்கியவர்களும் உண்டு. 2016இல் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தரும் திட்டமொன்று வந்தது. இந்த வெக்கைக்கு ஆகுமா, விறகடுப்புக்கு இடம் எங்கே, பிறகு ஒரு அறை கூட்ட முடியுமா என்று பொறியியலாளர்களும் மக்களும் கேட்டார்கள். அந்த 65,000 வீடுகள் கட்டப்படவில்லை.

நமக்கு முதலில் 4,000, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தது 10,000. நிலம் 7 பேர்ச், அதாவது சுமார் 1,900 சதுர அடி. வீடு போக மிச்சம் 1,350 அடி வரும். மகன் கல்யாணத்துக்கு ஒரு அறை கூட்ட எந்தப் பக்கம் என்று இப்போதே ஒதுக்கி, அந்தப் பக்கச் சுவரில் கதவு அளவுக்கு யன்னல் வைத்தால் பிறகு அதன் கீழ்ச் சுவரை மட்டும் உடைத்தால் போதும்.

அத்திவாரம் வெட்டுவதற்கு முதல்நாள் நிலத்தில் குச்சி நட்டு, கயிறு கட்டி அறைகளைக் காட்டச் சொல்லுங்கள். அடுப்படியில் நின்று குடத்தை இறக்கிப் பாருங்கள். வயசான அம்மாவைப் படுக்கும் இடத்திலிருந்து மலசலகூடம் வரை நடக்க விடுங்கள். எத்தனை படி என்று எண்ணுங்கள். கயிற்றை மாற்றிக் கட்டக் காசு தேவையில்லை.