ஒரே வித்து, பல பெயர்கள்

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அன்று நம் நாட்டின் விமான நிலையங்களில் ஊருக்குப் புறப்பட்டு நின்ற அன்பர்கள் சிலர் ஒரு புதுமையைக் கண்டிருப்பார்கள். அச்சடித்த போர்டிங் பாஸ் வரவில்லை. விமான நிறுவனத்தின் ஊழியர் பேனாவை எடுத்து, பயணியின் பெயரையும் இருக்கை எண்ணையும் தம் கையாலேயே எழுதி நீட்டினார். பலருக்கு அது வேடிக்கையாகவே இருந்தது. ஆனால் அதே நாளில் அமெரிக்காவில் சில மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள் பலர் தம் நோயாளிகளின் பதிவேடுகளைத் திறக்க இயலாமல் தவித்தனர். நம் நாட்டில் பத்து வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் சிறிய அளவில் தடங்கல் நேர்ந்ததாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. நாம் தப்பித்தோம் என்றே சொல்லவேண்டும்.

பகைவர் எவரும் தாக்கவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. நிகழ்ந்தது இதுதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளைக் காப்பதற்காக, கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் ஒரு காவல் மென்பொருளை விற்கிறது. புதிய தீங்குகளை அடையாளம் காட்டும் சிறு கோப்புகளை அது அவ்வப்போது வாடிக்கையாளரின் கணினிகளுக்கு அனுப்பிவைக்கும். அன்று நம் நேரப்படி காலை ஒன்பதே முக்கால் மணி அளவில் அனுப்பிய கோப்பு ஒன்று, இருபத்தோராவதாக ஒரு குறிப்பைப் பார்க்கும்படி கூறியது. மென்பொருளின் கையில் இருந்தவையோ இருபதே. இருபது இலை போட்ட பந்தியில் இருபத்தோராவது இலையைத் தேடி இருட்டில் கைவிட்டது போலாயிற்று. காவல் மென்பொருள் இயங்குதளத்தின் உட்கருவிலேயே அமர்ந்திருந்தமையால், அது இடறியவுடன் கணினியும் விழுந்தது. மீண்டும் எழுப்பினால் மீண்டும் விழுந்தது. 78 நிமிடங்களில் பிழையான கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆயினும் அதற்குள் 85 இலட்சம் கணினிகள் கெட்டுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவற்றில் மிகப்பலவற்றை ஆள் நேரில் சென்று, ஒவ்வொன்றாகத் திறந்து, அக்கோப்பை நீக்கியே சீராக்க வேண்டியிருந்தது.

இந்த 85 இலட்சம் என்பது உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அவ்வளவு சிறு பங்கு விழுந்ததற்கா இத்தனை கலக்கம் என்று கேட்கலாம். விழுந்தவை விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் இருந்தவை. அதனினும் முக்கியமானது, அவை அனைத்தும் ஒரே இயங்குதளம், ஒரே காவல், ஒரே வேளையில் ஒரே கோப்பு என்று அமைந்திருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக விழுந்திருந்தால் ஒன்று மற்றொன்றைத் தாங்கியிருக்கும். சேர்ந்து விழுந்தமையால் தாங்குவதற்கு ஆளில்லை. அன்று லினக்ஸ், மாக் இயங்குதளங்களில் ஓடிய கணினிகளுக்கு ஊறு நேரவில்லை. இதைக் கொண்டு லினக்ஸ் நல்லது, விண்டோஸ் கெட்டது என்று முடிவு கட்டினால் தவறாகும். அதே ஆண்டில் சில திங்களுக்கு முன்பு, அதே நிறுவனத்தின் காவல் மென்பொருளால் லினக்ஸ் கணினிகள் சிலவும் நின்றுபோனதுண்டு. அப்போது விண்டோஸ் பிழைத்தது. நாம் கவனிக்கவேண்டியது அதைத்தான்.

உழவர் குடியில் பிறந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களில் இலைக்கருகல் நோய் ஒன்று பரவியது. நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு அழிந்தது. விதை விற்ற நிறுவனங்கள் பல. விதை மூட்டைகளின் மேலிருந்த பெயர்களும் பல. ஆனால் கலப்பின விதை உண்டாக்குவதை எளிதாக்கும் ஒரு பண்புக்காக, நூற்றுக்கு எண்பத்தைந்து அளவான பயிரில் ஒரே மூலத்திலிருந்து வந்த உயிரணுக் கூறு புகுந்திருந்தது. அந்தக் கூறே நோய்க்கு வாயிலாயிற்று. வயலைச் சுற்றிப் பார்த்த உழவனுக்குப் பல பயிர்கள் நிற்பதாகத் தோன்றியது. நோய்க்கு அவையெல்லாம் ஒரே பயிர்.

இதனை நினைவில் வைத்துக்கொண்டு கணினிக்கு வருவோம். வன்பொருளுக்கும் நாம் கையாளும் செயலிகளுக்கும் இடையே நின்று, நினைவகத்தையும் கோப்புகளையும் பங்கிட்டுத் தரும் மென்பொருளே இயங்குதளம். அதை எழுதுவோர் மனிதர் படிக்கத்தக்க மூலநிரலாக எழுதி, பின்னர் இயந்திரம் மட்டுமே உணரும் வடிவுக்கு மாற்றுகின்றனர். வாணிக நிறுவனங்கள் பெரும்பாலும் பின்னதை மட்டுமே தருகின்றன. கடையில் வாங்கிய மிட்டாய்க்கும் அதன் செய்முறைக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. செய்முறையையும் சேர்த்துத் தந்து, விருப்பம்போல் மாற்றிச் செய்யவும் பிறருக்கு வழங்கவும் உரிமை அளித்தால் அது திறந்தமூல மென்பொருள் ஆகிறது. விலையின்மை அதன் உயிர்நிலையன்று. மாற்றும் உரிமையே உயிர்நிலை.

அந்த உரிமை எவ்வாறு பிறந்தது என்னும் வரலாறு சுவையானது. சிறிது விரித்தே கூறுவோம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்டு டி ஒரு தொலைபேசி நிறுவனம். 1956இல் நீதிமன்றத்தில் ஏற்ற உடன்பாட்டின்படி, அது தொலைபேசித் தொழிலுக்கு அப்பாற்பட்ட வாணிகத்தில் இறங்கலாகாது. ஆகவே யூனிக்ஸை மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குச் சிறு தொகைக்கு வழங்கிவிட்டது. சட்டத்தின் கட்டு ஒன்று அறிவுக்குக் கதவு திறந்தது! கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் அதனை வளர்த்து, 1978 முதல் பிஎஸ்டி என்னும் பெயரில் தம் வடிவை வழங்கலாயினர்.

பின்னர் 1984இல் ஏடி அண்டு டி பிரிக்கப்பட்டது. பழைய கட்டும் நீங்கிற்று. யூனிக்ஸ் விலைச் சரக்காயிற்று. திறந்திருந்த செய்முறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த காலம் அது. அதனை எதிர்த்து, எம்ஐடியில் பணிபுரிந்த ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்திருந்தார். அவர் வகுத்த பொது உரிமம், 1989இல் முதல் வடிவம் பெற்றது. ‘இதை நீ மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அவர்களுக்கும் இதே உரிமையைக் கொடு’ என்பது அதன் சாரம். குனூவிடம் மற்றக் கருவிகள் பல இருந்தன. கெர்னல் எனப்படும் உட்கரு மட்டும் நிறைவேறவில்லை. 1991 ஆகஸ்டு 25ஆம் நாள், ஹெல்சிங்கியில் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 அகவை மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக அறிவித்தார். மறு ஆண்டு அது குனூவின் உரிமத்தின்கீழ் வந்தது. அதுவே லினக்ஸ். அதே வேளையில் பிஎஸ்டியின் மீது 1992இல் வழக்குத் தொடரப்பட்டு, 1994இல்தான் தீர்ந்தது. அவ்விரண்டு ஆண்டுகளில் லினக்ஸ் வெகுதூரம் சென்றுவிட்டது. எனினும் பிஎஸ்டி மடியவில்லை. அதன் கிளைகளான ஃபிரீபிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் 1993இல் தோன்றின; பாதுகாப்பையே முதன்மையாகக் கொண்ட ஓபன்பிஎஸ்டி 1995இல் பிரிந்தது.

பிரிந்துபோவது கூட்டுக் குடும்பத்தில் வருத்தத்துக்குரியது. மென்பொருளில் அது காப்பு. 2020 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. உலகெங்கும் எண்ணற்ற சேவையகங்களில் விலையின்றி ஓடிய சென்ட்ஓஎஸ் 8ஆம் பதிப்பை 2021 முடிவோடு நிறுத்துவதாக, அதைப் பேணிய ரெட் ஹாட் நிறுவனம் அறிவித்தது. எட்டு ஆண்டுகள் கவலையில்லை என்று நம்பியிருந்தோர் திகைத்தனர். ஆனால் மூலநிரல் பொதுவில் இருந்தது. 2021 நடுப்பகுதிக்குள் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என இரண்டு வழித்தோன்றல்கள் வெளிவந்துவிட்டன. மூடிய இயங்குதளத்தில் உரிமையாளர் நிறுத்தினால் நின்றதுதான். விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. புதிய பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள் பல, உடல்நலம் குன்றாமலே ஓய்வுபெற்றவை போலாயின.

இவ்வளவு சொல்லிவிட்டு, திறந்தமூலம் இருந்தாலே பன்மை இருக்கிறது என்று நாம் கூறிவிட்டால் மக்காச்சோளத்தின் கதையை மறந்தவர்கள் ஆவோம். இணையத்தைப் பார்க்க உதவும் குரோம், எட்ஜ், ஓப்பரா என்னும் உலாவிகள் மூன்றுக்கும் அடியில் இருப்பது குரோமியம் என்னும் ஒரே திறந்தமூல வித்து. ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகியவையே வேறு வித்திலிருந்து வந்தவை. அவ்வாறே டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்று லினக்ஸ் வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் இருப்பினும் அவற்றின் கெர்னல் ஒன்றே. ஆண்டிராய்டு கைப்பேசிகளிலும் அதுவே. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. வெற்றி என்று மகிழ்வோர் மகிழட்டும். நமக்கு அது சிறிது அச்சத்தையும் தருகிறது.

அந்த அச்சம் வீணன்று என்பதை 2024 மார்ச்சுத் திங்கள் காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் சிறு திறந்தமூல நிரல் உண்டு. அதைப் பேணியவர் தனி ஒருவர். ஊதியம் பெறாத தொண்டர். புனைபெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக நடித்து, அவருடைய நம்பிக்கையைப் பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ள வாயிலை ஒளித்துவைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் என்னும் மென்பொருளே இலக்கு. அது பரவியிருந்தால் உலகின் சேவையகங்களில் பெரும்பகுதியின் திறவுகோல் ஒரு கையில் சேர்ந்திருக்கும். ஆண்டிரஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர், தம் சோதனைக் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை விநாடி கூடுதலாவதை உணர்ந்து, காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச்சு 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அவர் மைக்ரோசாஃப்டில் பணிபுரிபவர் என்பது இன்னொரு சுவை.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. மூலநிரல் திறந்திருந்தமையால்தான் வெளியார் ஒருவர் தேடிக் காண முடிந்தது. ஆனால், திறந்த வீட்டையும் எவரேனும் எட்டிப் பார்த்தால்தான் உண்டு. மற்றொன்று: அந்தக் கள்ள வாயில் டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் முறையில் கட்டப்பட்ட லினக்ஸ் பொதிகளில், அவற்றிலும் ஒருவகைச் செயலியில் மட்டுமே வேலை செய்யுமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஓபன்எஸ்எஸ்எச் பிறந்த இடமாகிய ஓபன்பிஎஸ்டியில் அந்தத் திறவுகோல் பொருந்தாது; அங்கே கட்டும் முறை வேறு. திருடனும் ஒரு பூட்டுக்குத்தான் சாவி செய்கிறான்.

நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடியாகக் கொண்டு பாஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கி, 2007 முதல் இந்திய மொழிகளோடு வழங்கிவந்துள்ளது. கேரள அரசு தன் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் திறந்தமூல மென்பொருளைக்கொண்டே நடத்துகிறது. கைட் என்னும் அரசு நிறுவனம் அதற்கென்று லினக்ஸின் தனி வடிவம் ஒன்றைத் தொகுக்கிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழிப் பள்ளிகளில் பயிலும் நம் குழந்தைகளும் அதனையே கற்கின்றனர். அம்மாநிலம் முழுவதும் ஒரே வடிவம் என்பதால் நாம் கூறிய அளவுகோலால் அதுவும் ஓரினப் பயிர்தானே என்று குறை கூறலாம். கூறுவது சரியே. எனினும் பழுது நேர்ந்தால் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் விடைக்குக் காத்திராமல் திருத்திக்கொள்ள, செய்முறை அவர்கள் கையில் இருக்கிறது.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு இதில் வீட்டளவில் செய்யத்தக்கதும் உண்டு. இரண்டு கணினிகள் உள்ள சிறு கடைக்காரர் இரண்டையும் ஒன்றுபோல் வைத்திருக்கத் தேவையில்லை. கணக்குக்கு டேலி வைத்திருப்பவர், அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டதாதலால், அந்தக் கணினியை அப்படியே விட்டுவிடலாம். மூலையில் கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸை இட்டுப் பார்க்கலாம். முதலில் ஆவணங்களையும் நிழற்படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைப்பது கட்டாயம். பிறகு ஒரு பென் டிரைவில் உபுண்டுவையோ டெபியனையோ பதித்து, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளிருக்கும் எதையும் தொடாமல் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஒலியும் அச்சுப்பொறியும் இணையமும் ஒத்துழைக்கின்றனவா என்று தெரிந்துகொள்ளலாம். ஒத்துழைக்காவிட்டால் பென் டிரைவை எடுத்துவிட்டால் போதும். அமைப்பில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் பட்டிகள் பெரும்பாலும் தமிழில் வரும். பல நாடுகளில் இருந்த தமிழன்பர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து, எவருடைய ஆணைக்கும் காத்திராமல், தாமே மொழிபெயர்த்தவை அவை. சில சொற்கள் நமக்கு உவப்பாயில்லை. அவற்றைத் திருத்தி அனுப்பவும் வழி திறந்தே இருக்கிறது.