எல்லை கடக்கும் ஆற்றுப்படுத்துநர்

திண்டிவனத்தில் பேருந்து ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி வந்துவிடுகிறது. இடையில் ஆட்சி மாறுகிறது. நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம் மாறுவதில்லை. ஒரு பங்கின் திருமுழுக்குச் சான்றிதழை மற்றப் பங்கு தயக்கமின்றி ஏற்கிறது. மனத்துயர் கேட்டு வழிகாட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஆற்றுப்படுத்துநரின் சான்றிதழும் இவ்வாறு எல்லை கடக்குமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வினா நெடுநாள் தொல்லையாயிருந்தது. 1976இல் வர்ஜீனியா மாநிலம் இத்தொழிலுக்கு முதன்முதலாக உரிமம் வகுத்தது. கடைசியாகக் கலிபோர்னியா 2009இல்தான் வகுத்தது. பாடமும் பயிற்சிக் காலமும் மாநிலந்தோறும் வேறுபட்டன. கணவரின் வேலைமாற்றத்தால் அடுத்த மாநிலம் சென்ற பெண், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும், புதிதாக மனுச் செய்ய வேண்டியவரானார். இதைத் தீர்க்கவே மாநிலங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2022க்குள் பத்து மாநிலங்கள் அதைச் சட்டமாக்கவே அது உயிர்பெற்றது.

நம் நாட்டின் நிலையோ வேறு. 'கவுன்சலர்' என்று பலகை தொங்கவிட இங்கே நெடுங்காலம் எவரும் உரிமம் கேட்டதில்லை. சில வார வகுப்போடு பிறர் இல்லறச் சிக்கலை அவிழ்க்கப் புகுவோரும் உளர். இது நமக்கு நல்லதாகப் படவில்லை. மருத்துவ உளவியலாளர் அவ்வாறு புக இயலாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் நடுவண் பதிவேட்டில் அவர் பெயர் இருத்தல் வேண்டும். அப்பதிவு இந்தியா முழுவதற்கும் செல்லும். ஆயினும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மாநில மனநல ஆணையத்திடமும் அவர் பதிய வேண்டும் என்கிறது. எல்லை குறுக்கிடுவது இங்கேதான். ஏனைய உளவியலாளரையும் ஆற்றுப்படுத்துநரையும் பதிவுக்குள் கொணர 2021இல் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. மாநிலப் பேரவைகளையும், அவற்றின் பதிவேடுகளைத் தொகுக்கும் நடுவண் பதிவேட்டையும் அது வகுத்தது.

ஆகவே, மகளை மருத்துவ உளவியல் படிக்க அனுப்பும் பெற்றோர், கட்டணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: அக்கல்லூரியின் அப்பாடத்திற்கு, அவள் சேரும் ஆண்டில், மறுவாழ்வுக் கவுன்சிலின் ஒப்புதல் உண்டா? கல்லூரியின் பெரும்பெயர் இதற்கு ஈடாகாது. ஒப்புதலற்ற பாடத்தில் பெற்ற பட்டம் உள்ளூரிலேயே பதிவுக்கு உதவாது. பிற மாநிலத்தைப் பற்றிப் பேசுவானேன்?

பங்குக் குருவிடமோ அருட்சகோதரியிடமோ மனம் திறப்பது வேறு. அதற்கு எப்பதிவேடும் வேண்டா. கட்டணம் வாங்கிச் சிகிச்சை தரும் உளவியலாளரிடம் பதிவெண்ணைக் கேட்பது அவமதிப்பும் அன்று. கவுன்சிலின் இணையதளத்திலேயே அவர் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.