தொலைந்த கழகங்கள் – 7: கிளிஃப் மைதானத்தில் முன்பு ஆடியவர்கள்

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு ‘தி கிளிஃப்’ புண்ணிய பூமி. டங்கன் எட்வர்ட்ஸ், பாபி சார்ல்டன், ஜார்ஜ் பெஸ்ட் தொடங்கி பெக்காம், கிக்ஸ் வரை பயிற்சி எடுத்த இடம். சால்ஃபோர்டு நகரின் பிராட்டன் பகுதியில் இருக்கிறது. கால்பந்து அங்கே குடியேறுவதற்கு முன், இருபது ஆண்டுகள் அதே புல்வெளியில் ரக்பி லீக் ஆடினார்கள். அணியின் பெயர் பிராட்டன் ரேஞ்சர்ஸ்.

ஆட வருவதால் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை கொடுக்கலாமா என்ற தகராறில், 1895-இல் வட இங்கிலாந்து ரக்பி கழகங்கள் தனியே பிரிந்து ரக்பி லீக்கை உருவாக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படிப் பிரிந்து வந்த கழகங்களில் ரேஞ்சர்ஸும் ஒன்று. 1877-இல் பிறந்த கழகம் அது.

அதன் பொற்காலம் 1901-02. அந்தப் பருவத்தில் லீக் பட்டத்தை வென்ற கையோடு, சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் சால்ஃபோர்டு அணியை 25-0 என்று தோற்கடித்தது. எதிரே நின்றது பக்கத்துத் தெருக்காரர்களின் அணி என்றால் அந்த வெற்றியின் ருசியே வேறு! ஒரே பருவத்தில் லீக், கோப்பை இரண்டையும் வென்ற முதல் அணி ரேஞ்சர்ஸ்தான். 1911-இல் விகனை 4-0 என்று வென்று மீண்டும் கோப்பையைத் தூக்கியது. அப்போதெல்லாம் வீட்டர்ஸ் ஃபீல்டுதான் சொந்த மைதானம். கிளிஃபுக்கு மாறியது 1913-இல்.

கிளிஃபில் பழைய வெற்றிகள் திரும்பவில்லை, பணமும் தேறவில்லை. ஆனாலும் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். 1933-இல் கழகம் அந்த ஒன்றையும் இழந்தது. மான்செஸ்டரின் மறுகோடியில், மிருகக்காட்சி சாலையும் கேளிக்கைப் பூங்காவுமாகக் களைகட்டியிருந்த பெல் வியூவுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே கிடைத்தது மோட்டார் சைக்கிள் பந்தய அரங்கம். ஓடுபாதைக்கு நடுவே ஆடுகளம். ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் எட்ட எட்ட. கழகம் உயிரை விட்டது 1955-இல் என்றாலும், அதன் வேர் அறுந்தது இந்த 1933-இல்தான் என்பேன்.

1946-இல் பிராட்டன் என்ற ஊர்ப்பெயரும் போய், ‘பெல் வியூ ரேஞ்சர்ஸ்’ ஆனது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லங்காஷயர் கோப்பை இறுதியாட்டம் வரை போய், இரண்டு முறையும் விகனிடம் தோற்றது. 1949-இல் ஸ்டான் மெக்கார்மிக் என்ற அருமையான விங்கரை 4,000 பவுனுக்கு செயின்ட் ஹெலன்ஸ் வாங்கிக்கொண்டது. அன்றைக்கு அது உலக சாதனை விலை. இருப்பதிலேயே நல்ல ஆட்டக்காரரை விற்றுக் காலம் தள்ளும் கழகத்துக்கு அந்தப் பணம் எத்தனை நாள் வரும்? ஆறே ஆண்டுகளில் கதை முடிந்தது.

பெல் வியூ அரங்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் மட்டும் 1987 வரை ஓடின. பிறகு அந்த இடம் கார் ஏலக் களமானது.