உலூரு: 450 கிலோமீட்டர் போய் கேமராவை இறக்கின கதை

ஆஸ்திரேலியா டூர் போஸ்டர்ல பார்த்திருப்பீங்க, பாலைவனத்துக்கு நடுவுல தனியா ஒரு சிவப்புப் பாறை. அதுதான் உலூரு. அதைப் போட்டோ எடுக்கணும்னே நான் போன ரோடு ட்ரிப் பத்திதான் இந்த எபிசோட்.

பக்கத்துல இருக்கிற யுலாராவுக்கு ஃபிளைட்டே இருக்கு. நான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல இறங்கி கார் எடுத்தேன். அங்கிருந்து சுமார் 450 கிலோமீட்டர். நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும், அதனால பயமில்ல. தெற்கால 200 கிலோமீட்டர் போனா எர்ல்டண்டா. அங்க டேங்க்கை நிரப்பிட்டு வலது பக்கம் திரும்பணும். எதிர்ல ரோடு ட்ரெயின் வரும், ஒரே லாரிக்குப் பின்னால மூணு பெட்டி, 50 மீட்டருக்கு மேல நீளம். இருட்டினா ஓட்டாதீங்க. கங்காரு, மாடு, ஒட்டகம் எல்லாம் ரோட்டுக்கு வந்துடும். ஒட்டகமான்னு கேட்காதீங்க! 19ஆம் நூற்றாண்டுல சுமை தூக்கக் கொண்டு வந்தாங்க, லாரி வந்ததும் அவிழ்த்து விட்டுட்டாங்க.

வழியில இடது பக்கம் ஒரு பெரிய மலை தெரிஞ்சது. வண்டியை ஓரங்கட்டி இருபது போட்டோ எடுத்தேன். அது உலூரு இல்ல, மவுண்ட் கானர்! என்னை மாதிரி ஏமாந்தவங்க நிறைய பேர் போல, அதுக்கு ‘ஃபூலுரு’ன்னே பட்டப்பேர் இருக்கு.

நிஜ உலூரு 348 மீட்டர் உயரம். உள்ள சாம்பல் நிற மணற்பாறைதான். அதுல இருக்கிற இரும்பு காத்துலயும் தண்ணியிலயும் துருப்பிடிச்சு மேல்தோல் சிவந்திருக்கு. சாயங்காலம் வெயில் சாய்வா, அதிகக் காத்தைக் கடந்து வரும். நீலம் வழியிலேயே சிதறிடும், மிச்சமிருக்கிற சிவப்பு இந்தத் துரு மேல விழும். பாறை தணல் மாதிரி தெரியறது அதனாலதான்.

மறுநாள் காலையில பாறையைச் சுத்தி நடந்தேன், பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஒரு வளைவுல பாறையோட மடிப்புகள் அவ்வளவு அழகு. ரெண்டு கிளிக். பத்தடி தள்ளி ஒரு பலகை: இங்க படம் எடுக்காதீங்க.

ஏன்? இது ஆனங்கு மக்களோட நிலம். அந்த மடிப்பும் குழியும் அவங்களுக்கு வேதம் மாதிரி. அதுல இருக்கிற கதையை அந்த இடத்துல நின்னுதான் பார்க்கணும், வேற எங்கேயும் பார்க்கக் கூடாது. சில இடம் ஆண்களுக்கு மட்டும், சிலது பெண்களுக்கு மட்டும். இன்ஸ்டால போட்டா அது யார் கண்ணுல படும்னு நம்மால சொல்லவே முடியாது, இல்லையா?

இந்த நிலத்தை அரசாங்கம் 1985 அக்டோபர் 26ல அவங்ககிட்ட திருப்பிக் கொடுத்தது, தேசியப் பூங்காவா நடத்த அன்னைக்கே 99 வருஷக் குத்தகைக்கும் வாங்கிக்கிச்சு. ஏறாதீங்கன்னு ஆனங்கு பல வருஷமா கேட்டும் ஜனங்க ஏறிட்டுதான் இருந்தாங்க. 2019ல, அதே அக்டோபர் 26ல இருந்துதான் ஏற அனுமதியில்ல. பாறை முழுசுக்கும் அவங்க கேமராவைத் தடுக்கல. சொந்த ஞாபகத்துக்கு எடுக்கலாம், பலகை இருக்கிற இடத்துல மட்டும் வேண்டாம்னு கேட்கிறாங்க. வியாபாரத்துக்குன்னா பெர்மிட் வேணும், ட்ரோனை இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது.

ரெண்டையும் அங்கேயே டெலீட் பண்ணேன். ட்ரிப்லயே நல்லா வந்த போட்டோ அதுங்கதான், வயித்தெரிச்சலா இருந்துச்சு.

நீங்க போனா சாயங்காலப் படத்துக்கு பூங்காவே ஒதுக்கியிருக்கிற பார்க்கிங்ல நில்லுங்க. பூங்கா மூடுற நேரம் மாசத்துக்கு மாசம் மாறும், பார்த்து வெச்சுக்கோங்க. சூரியன் இறங்கினதும் பாதிப் பேர் கிளம்பிடுவாங்க. நீங்க பத்து நிமிஷம் இருங்க, பாறை மெதுவா ஊதாவுக்குப் போகும்.