கவுதாரி கூப்பிடுகிறது



மானூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: “சார், அமெரிக்காக்காரன் காட்டு வான்கோழியை வாயாலேயே கூப்பிட்டுப் பிடிக்கானாமே? நம்ம கவுதாரியை அப்படிக் கூப்பிட ஒரு வழி சொல்லுங்களேன்.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார். “அட, அதெல்லாம் இவன் தாத்தா காலத்து வித்தை அண்ணாச்சி” என்றார். இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதனால் இன்றைக்கு அதையே விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த வான்கோழிக் கதை. நாம் வீட்டில் வளர்க்கும் வான்கோழிக்குப் பூர்வீகம் மெக்சிகோ. அதன் காட்டு இனம் இன்றும் அமெரிக்கக் காடுகளில் இருக்கிறது. வசந்த காலத்தில் விடியற்காலை சேவல் குரல் கொடுக்கும், பெட்டை அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் என்ன செய்கிறார்? மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, சிறு மரப்பெட்டியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்புகிறார். சேவல் ஏமாந்து தானே தேடி வந்துவிடுகிறது. புதிதாகப் பழகுகிறவர் அடிக்கடி கூப்பிட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வாராம்; பொறுமைக்காரருக்குத்தான் பலிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பறவை அங்கே அநேகமாக அழிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. பிறகு மிச்சமிருந்தவற்றை வலைபோட்டுப் பிடித்து, இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டு, பல ஆண்டு பாடுபட்டுப் பெருக்கினார்கள். இப்போது உரிமம் வாங்கி, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கைதான் சுடலாம்.

நம் கவுதாரி விஷயம் வேறு. அங்கே ஆசை காட்டி அழைக்கிறார்கள். இங்கே சண்டைக்கு அழைப்பார்கள். ஆண் கவுதாரி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வட்டாரம் வைத்திருக்கும். நம் வயலுக்கு வரப்பு இருக்கிற மாதிரி அதற்குக் குரல்தான் வரப்பு. விடியும்போது “கதீத்தர், கதீத்தர்” என்று உரக்கக் கத்தினால், “இது என் இடம், யாரும் வராதே” என்று அர்த்தம். இந்தியில் இதற்குத் தீத்தர் என்று பெயர் வந்ததே இந்தச் சத்தத்தால்தான். அந்த வட்டாரத்துக்குள் வேறொரு ஆண் குரல் கேட்டால் இதற்குப் பொறுக்காது. காலில் முள் இருக்கிறதல்லவா, அதை வைத்துக்கொண்டு சண்டைக்கு ஓடிவரும். அந்தக் காலத்தில் வளர்ப்புக் கவுதாரியைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி கட்டிப் பிடித்தது இந்தக் குணத்தை வைத்துத்தான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். என் மாமா ஒருவர் இப்படி ஒரு கூண்டை எடுத்துக்கொண்டு விடியும் முன்னே கிளம்புவார். நானும் பின்னாலேயே ஓடுவேன். உடைமரத்தடியில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்போம். ஒரு பருவம் முழுக்க நாள் தவறாமல் போனோம். அடுத்த வருஷம் அதே மேட்டில் கூண்டுப் பறவை கத்தியது, கத்தியது, பதிலே இல்லை. மாமா, “இன்னைக்குக் காத்து சரியில்லை” என்றார். காற்றில் குறை ஒன்றுமில்லை என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

இனி, சட்டத்துக்கு வருகிறேன். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சில பறவைகளை உரிமம் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991-ல் செய்த திருத்தத்தோடு அதுவும் போய்விட்டது. இன்றைக்குக் கவுதாரியைச் சுட்டாலும், கண்ணி வைத்தாலும் குற்றம். பிடிக்க முயன்றாலே வேட்டைதான். முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் அதில் அடக்கம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சரணாலய எல்லைக்குள் என்றால் இன்னும் கடுமை. “ஒரு பறவைக்கா இவ்வளவு?” என்று கேட்பீர்கள். ஒரு பறவைக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தால் உழவு போகும், விதைப்புப் போகும். வீட்டில் விடலைப் பையன்கள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, பிடிக்கக் கூடாது என்றால் அதனால் நமக்கு என்ன லாபம்? கவுதாரி களைச்செடி விதைகளையும் பூச்சிகளையும் கிளறித் தின்னும். கறையான் என்றால் அதற்கு விருந்து. மானாவாரி நிலத்தில் கறையான் செய்யும் சேதம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விதைத்த கம்பையும் கொஞ்சம் பொறுக்கத்தான் செய்யும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மயில் செய்கிற சேதத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மயில் பிரச்சினையை இன்னொரு நாள் தனியாகப் பேசுவோம்.

மயில் மேல் உள்ள கோபத்தில் சிலர் மருந்து கலந்த தானியத்தை வரப்பில் போட்டுவிடுகிறார்கள். அதை முதலில் தின்பது கவுதாரியும் உங்கள் வீட்டுக் கோழியும்தான். மயிலைக் கொன்றதற்குத் தனியாக வழக்கும் வரும். தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

கவுதாரிக்குக் கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. புல் தூருக்குப் பக்கத்தில், வேலி ஓரத்தில் தரையைக் கொஞ்சம் சுரண்டி நாலு முதல் எட்டு முட்டை வரை இடும். மூன்று வாரத்துக்குள் குஞ்சு பொரித்துவிடும். ஆகவே கோடையில் வரப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரேயடியாகத் தீ வைக்காதீர்கள். செதுக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு பக்கத்து வேலியையாவது விட்டுவைத்து, குஞ்சுகள் ஓடியபின் வெட்டுங்கள். பறவை அடைய இரண்டு உடைமரம் இருந்தால் போதும்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தைப் பாருங்கள். பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊர். 1994-ல் அது சரணாலயம் ஆனது. பிறகு உலக அளவிலான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. குளத்துப் பறவைக்கு அவர்கள் செய்ததை மேட்டுநிலப் பறவைக்கு நாம் செய்ய வேண்டியதுதானே?

கறி ஆசை என்றால் அதற்கு வழி இருக்கிறது. ஜப்பான் காடை 1974-ல் நம் நாட்டுக்கு வந்தது. ஐந்து வாரத்தில் கறிக்கு ஆகும், ஏழு வாரத்தில் முட்டைக்கு வரும், சின்ன இடமே போதும். காட்டில் திரியும் நாட்டுக் காடையைப் பிடித்து அடைத்துவிட்டு, “இது பண்ணைக் காடை” என்று மட்டும் சொல்லாதீர்கள். வனத்துறைக்கு வித்தியாசம் தெரியும்.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன வித்தை இதுதான். பங்குனி, சித்திரையில் விடிய அரைமணி முன்னே நிலத்துக்குப் போங்கள். மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். எந்தத் திசையில் கவுதாரி கத்துகிறதோ அந்தத் திசைக்கு ஒரு கூழாங்கல் வையுங்கள். ஒரே திசையில் இரண்டு குரல் மாறி மாறிக் கேட்டால் அவசரப்படாதீர்கள், ஆணும் பெட்டையும் பேசிக்கொள்வதாக இருக்கும். ஒரு கல் போதும். கல்லை எண்ணினால் உங்கள் நிலத்தைச் சுற்றி எத்தனை ஜோடி என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். வருஷா வருஷம் இந்தக் கணக்கை எழுதி வையுங்கள். செல்போனில் குரலைப் போட்டுக் கூப்பிட வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று அது மேய்ச்சலை விட்டு அலையும்.

சூரியன் பனை உயரம் வந்துவிட்டால் சத்தம் ஓய்ந்துவிடும். அப்புறம் போய் உட்கார்ந்து பிரயோஜனமில்லை.